ஓடுங்க, கதிர்வீச்சு!

மருத்துவக் கருவிகளோடு எனக்கு இருந்த பழக்கம் பதிவேட்டோடு சரி. கல்வராயன் மலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தபோது ஸ்டோர் சாவியும் என் இடுப்பில்தான் தொங்கும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்ப ஊசி போட்ட காலம் அது. ஒருநாள் ஸ்டெரிலைசரை ஸ்டவ்வில் ஏற்றிவிட்டு, கச்சிராயபாளையம் பஸ்ஸில் பேப்பர் வந்ததா என்று பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் தண்ணீர் வற்றி, சிரிஞ்செல்லாம் பட்பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தது. தடுப்பூசி போட வந்திருந்த மலைக்கார அம்மா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, "நாங்க களி கிண்டுறப்பக்கூட இப்படி அடுப்ப விட்டுட்டுப் போவ மாட்டோம் சார்" என்றார்.

எது கெட்டாலும் 'பழுது' என்று எழுதி மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிடுவேன். முறைப்படி கண்டம் செய்ய வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும், கமிட்டி வர வேண்டும், பிறகு ஏலம். யார் மலை இறங்கி ஏறுவது? நான் சேர்ந்தபோது என் தலையில் கட்டிய முள் உடைந்த எடை இயந்திரத்தை, மாற்றலானபோது முள் இல்லாமலே அடுத்தவர் தலையில் கட்டினேன். அதற்குப் பெயர் பொறுப்பு ஒப்படைத்தல்.

இந்தத் தகுதிகளோடுதான் ஓய்வுபெற்ற பிறகு நிபுணரானேன். கள்ளக்குறிச்சியில் பல வருஷமாகப் பூட்டிக்கிடந்த ஒரு நர்சிங் ஹோமை நண்பர் விலைக்கு வாங்கினார். சாமான்கள் உள்ளே போட்டது போட்டபடி கிடந்தன. "ஆயுசு பூரா ஆஸ்பத்திரியிலயே இருந்தவரு, எது உதவும் எது உதவாதுன்னு வந்து பாத்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டார். எனக்கு மாத்திரை எண்ணத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

காயலான்கடைக்காரர் முன்பே வந்து நின்றிருந்தார். டிரிப் ஸ்டாண்டு, துருவேறிய பிரசவ மேஜை, காலால் மிதிக்கும் சக்ஷன் வரை என் கொடி பறந்தது. சக்கரம் வைத்து, குழாயும் கண்ணாடிக் குடுவையுமாக நின்ற ஒன்றைக் காட்டி, "ஆக்சிஜன் மெஷின்" என்றேன். "இல்ல சார், மயக்க மருந்து குடுக்குறது. பாயில்ஸ்னு சொல்வாங்க. பித்தளை நெறைய தேறும்" என்றார் அவர். மூலையில் குவிந்துகிடந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களைக் குப்பை என்றேன். அதில் வெள்ளி இருக்கிறதாம். தனியாகக் கட்டி வைத்துக்கொண்டார்.

அடுத்த அறைக் கதவில் மஞ்சள் பட்டையில் கதிர்வீச்சின் மூன்று இதழ்ச் சின்னம். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. "யாரும் தொடாதீங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தி, வாசலில் நின்று கோயானியா கதையை எடுத்துவிட்டேன். பிரேசிலில் ஒரு சிகிச்சை மையம் இடம் மாறியபோது சீசியம்-137 இருந்த புற்றுநோய்க் கருவியைப் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டார்கள். 1987 செப்டம்பரில் இரண்டு பேர் அதைக் கழற்றிக் காயலான்கடையில் போட்டார்கள். இருட்டில் நீலமாக மின்னிய தூளை அக்கம்பக்கத்தார் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்கள். 4 பேர் செத்துப்போனார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

காயலான்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "டெல்லி மாயாபுரியிலயும் 2010-ல ஆச்சு சார். யுனிவர்சிட்டி மெஷின ஏலத்துல எடுத்துப் பிரிச்சு ஒரு ஆளு செத்துட்டாரு. அது கோபால்ட். எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். இது வெறும் எக்ஸ்ரே. கரண்ட் குடுக்காம இதுலேர்ந்து என்ன வரும்?" என்று சொல்லிவிட்டு, அறுந்து தொங்கிய ஒயரை எடுத்துக் காட்டினார். நூற்றுக்கு நூறு உண்மை. நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எக்ஸ்ரே இயந்திரத்தை இஷ்டத்துக்குப் பிரித்து விற்கக்கூடாது, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, தூக்க ஆள் கிடைக்காமல் அந்த இயந்திரம் அங்கேயே கிடந்தது.

போன மானத்தை மீட்க வேண்டுமே. அலமாரியில் ஒரு டைமண்ட் பி.பி. பெட்டி கண்ணில் பட்டது. இது என் சாம்ராஜ்யம். "இதப் பாருங்க" என்று மூடியைச் சடாரென்று தூக்கினேன். பாதரசம் அடைத்து வைக்கும் திருகு திறந்திருக்கிறதா, கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை. மொசைக் தரையில் வெள்ளி உருண்டைகள் சிதறி ஓடின. ஒரு பி.பி. பெட்டிக்குள் 80 முதல் 100 கிராம் வரை பாதரசம் இருக்கும்; அதன் ஆவிதான் விஷம். மினமாட்டா உடன்படிக்கையில் 2018-இல் இந்தியா சேர்ந்ததும் இந்தச் சனியனை ஒழிக்கத்தான். நான் என்ன செய்தேன்? சின்னப்பிள்ளை மாதிரி குந்திக்கொண்டு விரலால் உருண்டைகளை ஒன்றோடொன்று தள்ளிச் சேர்த்தேன். மிச்சத்துக்கு விளக்குமாறு கேட்டேன். பெருக்கினால் அது பொடிப்பொடியாகச் சிதறி இன்னும் ஆவியாகும் என்பது மருந்தாளுநர் மறக்கக்கூடிய விஷயமல்ல.

காயலான்கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. சன்னலைத் திறந்துவிட்டு, வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு அட்டையைக் கிழித்து நீட்டினார். அட்டையால் ஒதுக்கி, பாட்டிலில் அடைத்து, இறுக மூடினேன்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஏங்க, மோதிரம் என்ன வெள்ளியாயிருக்கு?" என்றாள் மனைவி. மாமனார் போட்ட ஒரு பவுன். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதரசம் பட்டிருக்கு. நெருப்புல காட்டுனா விட்டுடும். ஆனா அந்தப் புகை ஆகாது சார், நான் செய்ய மாட்டேன். தெரிஞ்சவங்க யாராச்சும் ஆஸ்பத்திரியில வேலை பாத்திருந்தா கேட்டுப் பாருங்க. அவங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி."

விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.