கைத்தொலைபேசியில் வேண்டாத புளூடூத் உறவுகளை நீக்கல்: மொன்ட்ரியால்-நோர் வட்டாரத்தை முன்வைத்து

சங்க இலக்கியத்தில் யானை, சங்க இலக்கியத்தில் குடை, சங்க இலக்கியத்தில் இடது கை என்ற பாணியில் எந்தப் பொருளையும் முனைவர் பட்டம் வரை இழுத்துச் செல்லும் வல்லமை கொண்டது நம் ஆய்வுலகம். அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியில் காலப்போக்கில் சேர்ந்துவிட்ட வேண்டாத புளூடூத் இணைப்புகளை நீக்குவது பற்றி மட்டும் அது வாய் திறக்கவில்லை. பொருள் அற்பம் என்பார்கள். அற்பப் பொருளை ஆயக்கூடாது என்று ஒரு விதி இருந்தால் பல்கலைக்கழக நூலகங்களின் மேல்தட்டுகள் எப்போதோ காலியாகியிருக்கும். எனவே இக்கட்டுரை ஓர் இடைவெளியை நிரப்ப வருகிறது. ஆய்வுகள் அனைத்தும் இடைவெளியை நிரப்பவே பிறக்கின்றன. நிரப்பிய பிறகும் இடைவெளி அப்படியே கிடப்பதற்கு ஆய்வாளர் பொறுப்பல்லர். யாம் நிறுவ வரும் கருதுகோள் இதுதான்: இணைப்பு இருவர் வினை, மறதி ஒருவர் வினை. ஆகவே தன் போனில் மட்டும் ஒரு கருவியை நீக்கியவர் பாதியைத்தான் நீக்கியிருக்கிறார். அதுவும் சின்னப் பாதியை.

களம் மொன்ட்ரியால்-நோர். வடக்கே றிவியேர்-தெ-பிறெறி ஆறு, ஆற்றுக்கு அப்பால் லவால், நடுவே ஆன்றி-பூறசா பெருந்தெரு. களத்தை ஏன் தேர்ந்தீர் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறோம். 1915இல் தனி நகரான இவ்வூர் 2002இல் மொன்ட்ரியாலோடு இணைக்கப்பட்டது. அவ்வாறு இணைக்கப்பட்டவற்றுள் பல ஊர்கள் 2004இல் வாக்கெடுப்பு நடத்தி, 2006 ஜனவரியில் 15 நகராட்சிகளாகப் பிரிந்து போயின, மொன்ட்ரியால்-நோர் போகவில்லை. பிரிந்தவை உண்மையில் பிரிந்தனவா என்று பார்த்தால், பொலிசும் தீயணைப்பும் தண்ணீரும் இன்றுவரை மொன்ட்ரியால் தீவு முழுவதற்கும் பொதுவான ஒரு சபையின் கையில்தான் இருக்கின்றன. செலவில் பங்கும் செலுத்தியே ஆகவேண்டும். பட்டியலில் இருந்து பெயரை எடுத்தாலும் உறவு அறாது என்ற எம் கருதுகோளுக்கு ஒரு தீவே சான்று சொல்கிறது. இதை முதற்சான்றாகக் கொள்க. இரண்டாம் சான்று வீடுகள். இங்கே அடுக்குக்கு ஒரு குடும்பமாக இரண்டு மூன்று குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகள் ஏராளம். வெளியே செங்கல், உள்ளே பலகைத் தளம். புளூடூத் பாயும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்குப் பலகை ஒரு பொருட்டே அல்ல. சாதாரணக் கருவிக்குச் சொல்லப்படும் 10 மீற்றர் எல்லைக்குள் மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு மூன்றும் அடங்கிவிடும். மூன்றாவது ஜூலை 1. கியூபெக்கில் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பகுதி ஜூன் 30இல் முடிவதால் மறுநாள் மாகாணமே வீடு மாறுகிறது. மே 1ஆக இருந்த இந்தக் குடிபெயர் நாளை, பிள்ளைகளின் படிப்பு குழம்பாதிருக்க 1970களில் ஜூலைக்குத் தள்ளினார்கள். ஒவ்வொரு ஜூலையும் புதிய அயலார், புதிய ஸ்பீக்கர்கள், புதிய தொலைக்காட்சிகள். ஆகவே இங்கே ஒருவருடைய இணைப்புப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பது ஆதிச்சநல்லூரில் குழி தோண்டுவதற்கு ஒப்பு என்று எழுத ஆசைதான். ஆயினும் ஆதிச்சநல்லூரில் ஒரே பெயரில் நான்கு தாழிகள் கிடைத்ததாகத் தெரியவில்லை.

இனிப் புளூடூத்தின் மூலவர் வரலாறு. 1994இல் சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தார் தொடங்கிய வேலை இது. 1998இல் எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நொக்கியா, தொஷிபா என்ற ஐவர் கூடிச் சங்கம் வைத்தனர். நம் மூன்று சங்கங்களைப் போலன்றி இச்சங்கம் இருந்ததற்கு ஆவணம் உண்டு. பெயரை முன்மொழிந்தவர் இன்டெலின் ஜிம் கார்டாக். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் நீலப்பல் ஹரால்ட் டேனியரையும் நோர்வேயினரையும் ஒருகுடைக் கீழ் இணைத்ததுபோல இத்தொழில்நுட்பம் கணினியையும் போனையும் இணைக்கும் என்பது கருத்து. அவன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் ரூன் வடிவில் பிணைத்ததே நாம் திரையில் காணும் அந்தச் சின்னம். அரும்பொருள் விளக்கம்தான், ஆனால் வரலாற்றைப் பாதியில் மூடிவைப்பது அறிஞர் வழக்கம். ஹரால்டின் மீதிக் கதை, சொந்த மகன் சுவெயின் கலகம் செய்து தந்தையை விரட்டியதும், விரட்டப்பட்டவன் அந்நிலையிலேயே மாண்டதும் ஆகும். இணைத்தலுக்குப் பெயர் கொடுத்தவனே ஒருதலையாக நீக்கப்பட்டவன். இதைக் கவனித்திருந்தால் அந்த ஐவரும் இணைக்கும் பொத்தானுக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியையாவது நீக்கும் பொத்தானுக்குக் காட்டியிருப்பார்கள்.

அந்தப் பொத்தான் எங்கே என்பதில் பாடபேதம் மிகுதி. கூகிளின் பிக்சல் ஏட்டில் அது "அமைப்புகள்" காண்டத்தில், "இணைக்கப்பட்ட சாதனங்கள்" படலத்தில், கருவியின் பெயருக்கு வலப்புறம் நிற்கும் பற்சக்கரத்துக்குள் மறைந்திருக்கிறது. சாம்சுங் ஏட்டிலோ "இணைப்புகள்" என வேறொரு காண்டம், அதனுள் புளூடூத் எனத் தனிப்படலம், அப்புறம் அதே பற்சக்கரம். பிற ஏடுகளில் பற்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் வட்டத்துக்குள் ஒரு கோடும் புள்ளியும் காணப்படுவதுண்டு. இது ஏடெழுதியோர் பிழையா மூலபாடமா என்பது பற்றிச் சாம்சுங் மரபினரும் பிக்சல் மரபினரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. நச்சினார்க்கினியர் இன்று இருந்திருந்தால் சாம்சுங் காண்டத்தின் முதல் வரியைப் பிக்சல் படலத்தின் கடைசி வரியோடு கொண்டுகூட்டி, இரண்டுக்கும் இடையே மாட்டு எனும் உறுப்பும் உண்டென்று முடித்திருப்பார். பற்சக்கரத்தைத் தொட்டால் மறக்கச் சொல்லும் கட்டளை தோன்றும். அதைத் தொட்டால் போன், நிச்சயமாகவா என்று ஒருமுறை கேட்கும் (அமைப்புகள், இரண்டாம் காண்டம், பற்சக்கரப் படலம், உறுதிகேள் சூத்திரம், உரை இல்லாத பகுதி, திரை சற்று மங்கிய நிலையில்). இந்தச் சூத்திரத்தை ஊன்றிப் படிப்பவர் குறைவு. இனி உங்கள் போன் அக்கருவியோடு இணைந்திராது என்ற பொருளில்தான் அது பேசுகிறது. அக்கருவி உங்கள் போனோடு இணைந்திராது என்று அது சொல்லவே இல்லை. சொல்லாதது ஏன் என்பதில்தான் இவ்வாய்வின் உயிர் இருக்கிறது.

தொல்காப்பியம் அகத்தை ஏழு திணையாக வகுத்து, கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் வைத்தது. புளூடூத்துக்கு இவ்வேழும் அப்படியே பொருந்துகின்றன. எதற்கும் பொருந்தும் என்பதே திணைக் கோட்பாட்டின் பெருமை என்று கருத்தரங்குகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரு திரைகளிலும் ஆறிலக்க எண் ஒன்றாய்த் தோன்ற இருவரும் ஒப்புவது குறிஞ்சி. 10 மீற்றருக்கு அப்பால் போவது பாலை. ஒரே காதணி (இயர்பட்) போனுக்கும் மடிக்கணினிக்கும் மாறி மாறிப் போவது மருதம். அதைப் பற்றி மேலும் விரித்தல் நாகரிகமன்று. முல்லையும் நெய்தலும் வெளிப்படை. பெருந்திணை, திரையும் எண்விசைகளும் இல்லாத மலிவு ஸ்பீக்கர்கள், எண் கேளாமல், விருப்பம் கேளாமல், தொட்டவரோடெல்லாம் சேர்ந்துவிடுவது.

கைக்கிளையை மட்டும் விரித்தே ஆகவேண்டும். இரு கருவிகள் இணையும்போது 128 இருமங்கள் கொண்ட ஒரு திறவுகோல் பிறக்கிறது. அது ஒன்றை இரண்டாக முறித்து ஆளுக்குப் பாதி கொடுப்பதன்று. முழுமையாக இரண்டு பிரதி, இரண்டு வீட்டில். நீங்கள் போனில் மறக்கச் சொன்னால் போனிலுள்ள பிரதி அழிகிறது. காரிலுள்ள பிரதிக்கு யாரும் தந்தி அடிப்பதில்லை. கார் உங்களை நம்பியே இருக்கிறது. மொன்ட்ரியால் ஜனவரிக் காலையில் பனி சுரண்டி எஞ்சினை முடுக்கியதும் அது பழைய முகவரியைக் கூவி அழைக்கிறது, திறவுகோலை நீட்டுகிறது, போனோ, இப்படியொருவரை யான் அறியேன் என்கிறது. இந்தத் துயரத்துக்குப் புளூடூத் இலக்கணத்திலேயே ஒரு பிழைக்குறியீடு வகுத்திருக்கிறார்கள்: ஆறாம் எண் பிழை, திறவுகோல் காணவில்லை என்பது பொருள். சகுந்தலை மோதிரத்தைத் தொலைத்ததால் துஷ்யந்தன் அவளை மறுத்தான் என்பர், அது மன்னிக்கத்தக்கது. இங்கே கார் தினமும் மோதிரத்தை அணிந்தபடியே அரசவைக்கு வருகிறது. அப்படியும் அரசனுக்கு நினைவு வரவில்லை. காளிதாசன் கூடத் துணியாத நாடகம் ஆன்றி-பூறசாவின் இருமருங்கிலும் காலை ஏழு மணிக்கு நடக்கிறது. இதை ஒருதலைக் காமம் என்று கொள்ளாமல் "இணைப்புக் கோளாறு" என்று கொண்ட தொழில்நுட்ப உரைகாரர்களின் பொருளதிகாரப் பயிற்சி போதாது. இதற்கு நேரெதிரும் உண்டு. கார் மறந்து போன் நினைத்திருக்கும் கைக்கிளை அது. பல காதணிகளின் நினைவகத்தில் எட்டுப் பெயருக்கு மேல் இடமில்லாததால் ஒன்பதாமவர் வந்ததும் பழையவர் சத்தமின்றி வெளியேற்றப்படுகிறார். போனுக்கு அது தெரியாது. ஆண்பாற் கைக்கிளை, பெண்பாற் கைக்கிளை என்று புறப்பொருள் நூலார் பிரித்தது இதை எண்ணித்தான் என்று ஒரு சாரார் கூறுவர். அச்சாராரில் இப்போதைக்கு யாம் ஒருவரே உள்ளோம்.

இனிப் பரபக்கம். புளூடூத்தையே அணைத்துவிட்டால் போதாதா என்பர் சிலர்; கண்ணை மூடினால் கடன்காரன் போய்விடுவான் என்று கருதும் மரபினர் அவர்கள். வேறு சிலர் பிரளயவாதிகள். வைஃபையையும் புளூடூத்தையும் ஒருங்கே துடைத்து மீட்டமைக்கும் ஒரு கட்டளை அண்ட்ரொய்டில் உண்டு, அதை அழுத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. அழுத்தலாம். வேண்டாதவரோடு வேண்டியவரும் அழிவர், வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லும் அழியும், அதை எழுதிவைத்த கடதாசி முந்திய ஜூலையில் பழைய வீட்டோடு போயிருக்கும். அப்படி அழித்தும் கைக்கிளை தீரவில்லை என்பதைப் பிரளயவாதிகள் காணத் தவறுகின்றனர்: மூழ்கியது ஒரு கரை மட்டுமே. மூன்றாம் தரப்பார் மிகுந்த தருக்கத்தோடு வருவார்கள். பட்டியலில் நாலு பெயர் கூடுதலாகக் கிடந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பார்கள். நட்டம் உண்டு. காரோடு போனை இணைக்கையில் தொடர்புகளைப் பகிரலாமா என்று கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அழுத்துவோம். உங்கள் தொலைபேசிப் புத்தகமும் அழைப்பு வரலாறும் காருக்குள் போகும். வாடகைக் காராக இருந்தால், பெரியம்மாவின் இலக்கம் முதல் சீட்டுப் பிடிக்கும் அண்ணையின் இலக்கம் வரை அடுத்த வாடகைக்காரருக்காகக் காத்திருக்கக்கூடும். திருப்பிக் கொடுக்கும் முன் காரில் இருந்து அழித்துவிடுங்கள் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016இலேயே எச்சரித்தது. கியூபெக்கும் 2021இல் 25ஆம் இலக்கச் சட்டம் இயற்றி, நோக்கம் முடிந்ததும் தனிநபர் தகவலை நிறுவனங்கள் அழிக்கவோ அடையாளம் நீக்கவோ வேண்டும் என்றது. சட்டம் நிறுவனத்தோடு பேசுகிறது. காரின் நினைவகத்தோடு பேச நீங்கள்தான் முன் இருக்கையில் குந்தவேண்டும்.

மறுபிறப்பு வாதத்தையும் தொடாமல் விட முடியாது. விரைவிணைப்பு என்று கூகிள் 2017இல் கொண்டுவந்த முறையில் சேர்ந்த காதணிகள் போனில் மட்டுமன்றிக் கணக்கிலும் பதிவாகின்றன. போன் என்னும் உடல் அழிந்து புதுப் போன் வாங்கினாலும் கணக்கு என்னும் ஆன்மாவோடு அவை ஒட்டி வரும். வினைப்பயன் தீர, கணக்கின் சேமித்த கருவிகள் பட்டியலுக்குள்ளும் போய்த் துடைக்க வேண்டும். சைவரும் பௌத்தரும் ஆயிரம் ஆண்டு வாதிட்ட கேள்வியைக் கூகிள் ஒரே திரையில் தீர்த்திருக்கிறது. தீர்ப்பு சைவர் பக்கம்.

எஞ்சுவது வரிசை முறை. எதை முதலில் நீக்குவது, போனிலா காரிலா? போனில் என்பது பெரும்பான்மை வழக்கு, அது பிழை. போனில் முதலில் நீக்கினால், பக்கத்தில் உயிரோடு நிற்கும் கார் மீண்டும் கூவி, இணைக்கவா என்ற புதிய விண்ணப்பம் திரையில் எழக்கூடும். கை தவறி ஆம் என்று அழுத்தினால் செய்த வேலையெல்லாம் பாழ். காரின் திரையில் போனின் பெயரை முதலில் அழித்து, பிறகு போனில் காரை அழித்து, கடைசியில் கணக்கைப் பார்ப்பதே முறை. கையுறை போட்ட விரலைத் தொடுதிரை மதிக்காது என்பதால் குளிர்காலத்தில் இதை வாசலில் நின்று செய்யலாகாது.

இம்முறைக்கு ஒரே விலக்கு மேல்வீட்டு ஸ்பீக்கர். உங்கள் போனின் பாட்டு அங்கே ஒலித்து, "அண்ணை, உங்கட நாதஸ்வரம் எங்கட குசினிக்கை வாசிக்குது" என்று குரல் வந்தால், திறவுகோலின் மறுபிரதி அங்கே இருக்கிறது என்று பொருள். அழிக்க, அதன் ஏதோ ஒரு பொத்தானை ஏதோ சில விநாடிகள் அமுக்கிப் பிடிக்க வேண்டும். எந்தப் பொத்தான், எத்தனை விநாடி என்று சொல்லும் கையேடு பெட்டியோடு சேர்ந்து மறுசுழற்சிக்குப் போய்விட்டது. கடல்கொண்ட நூல்களில் எல்லாம் இருந்தது என்று வாதிப்போருக்கு இங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது. மற்றவர்கள் உறைபனி படிந்த வெளிப்படிக்கட்டில் ஏறிக் கேட்கலாம். அல்லது ஜூலை 1வரை பொறுத்திருந்தால், ஸ்பீக்கர் தன் திறவுகோலோடு பி-நெஃப் பாலம் கடந்து லவாலுக்குப் போய்விடும். இம்முடிவை மறுக்க விரும்புவோர் கட்டணம் செலுத்தி, ஐஎஸ்பிஎன் எண்ணோடு கூடிய ஏதேனும் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கத் தொகுதியில் மறுக்கலாம். மதிய உணவு கட்டணத்தில் அடங்கும்.