கடலும் ஜன்னல் கொக்கியும்

கேள்வி: மணமாகி ஓராண்டு நிறைவதை முன்னிட்டு, நானும் என் மனைவியும் தரங்கம்பாடியில் இரண்டு நாள் தங்க உத்தேசித்திருக்கிறோம். சிறிய கடலோர விடுதி ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?
(கும்பகோணத்து வாசகர்)

பதில்: 1620-இல் அங்கே வந்திறங்கிய டேனிஷ்காரர்கள் சமுத்திரத்தைப் பார்த்தாற்போல் ஒரு கோட்டையே கட்டிக்கொண்டார்கள்; தங்கள் இருவருக்கோ ஓர் அறை போதுமாகையால் விசாரம் குறைவுதான். ‘அறையிலிருந்தபடியே கடலில் சூரியாஸ்தமனம் காணலாம்’ என்று எந்த விடுதிக்காரராவது ஆசை காட்டுவாராயின், அவ்வூரில் ஆதவன் கடலில் உதிப்பானேயன்றி அஸ்தமிப்பது பின்புறத்து வயல்வெளியில்தான் என்பதை நினைவிற்கொண்டு, அம்மனிதரின் ஏனைய வாக்குறுதிகளையும் அதே தராசில் நிறுத்துப் பாருங்கள். சமுத்திர தரிசனத்துக்கென்று தனிக் கட்டணம் கேட்டால், பணத்தை எடுக்குமுன் ஜன்னல் கொக்கியைத் தூக்கிப் பாருங்கள். உப்புக்காற்றில் துருவேறி அது அசைய மறுக்குமானால், தங்களுக்கு முன் வந்த தம்பதிகள் எவரும் கடற்காற்றை அனுபவிக்கவில்லை என்று அர்த்தம். குழாய்நீரில் சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் உசிதம். உவர்நீரில் ஸ்நானம் செய்த மனைவியின் கேசத்தை எந்தக் கணவனும் வர்ணித்ததாக நான் கேட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் அறையைவிட்டு வெளியே தலைகாட்ட முடியாது. மணமாகி ஓராண்டே ஆனவர்களுக்கு அது அனுகூலமென்று தோன்றினால், தாராளமாக அப்போதே செல்லுங்கள். வாடகையைப் பேரம் பேசவும் சௌகரியம்.