அனலைதீவிலிருந்து ஹேக் வரை

கேள்வி: சர்வதேசச் சுற்றாடல் சட்டம் படிக்க ஆசை. "தீவுப் பிள்ளைக்கு உந்தப் படிப்பு சோறு போடுமோ?" எண்டு அம்மா கேக்கிறா. என்ன சொல்ல?
– ஒரு மாணவி, அனலைதீவு

பதில்: தங்கச்சி, உந்தப் படிப்புக்கு முதல் உரித்தே தீவுப் பிள்ளைக்குத்தான் எண்டு சொல்லுங்கோ. 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 27 பேர், கடலேறும் தங்கள் தீவுகளுக்காக ஒரு கேள்வியை எழுப்பினார்கள். தீவு நாடான வனுவாட்டின் அரசு அதை ஐ.நா. வழியாக ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை சுமந்தது. 2025 ஜூலை 23இல் அந்த நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளும் ஒரே குரலில் கருத்துரைத்தார்கள்: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. வகுப்பறையில் பிறந்த கேள்வி அது!

அதே நீதிமன்றத்தில் எங்கள் நாட்டு நீதியரசர் வீரமந்திரி, 1997இல் டானியூப் அணை வழக்கில் சுற்றாடலைக் காத்தபடியே வளரலாம் எண்டதுக்கு இலங்கையின் பழங்குளங்களையே சான்றாக வைத்தார்.

உங்கள் ஊரைப் பாருங்கோ. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவுக்கான சூரிய, காற்று மின்திட்டம் 2021இல் சீன நிறுவனத்துக்குப் போனது, இந்தியா எதிர்த்தது, பிறகு இந்திய நன்கொடைத் திட்டமானது. மூன்று சின்னத் தீவுகளின் விளக்குக்கு இரண்டு பெரிய நாடுகள்! அப்படிப்பட்ட பேச்சு மேசையில், ஆடியில் உவர்க்கும் கிணற்றுத் தண்ணீரை நாக்கால் அறிந்த ஒருத்தி இருக்கவேணும்.

உயர்தரம், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சட்டம், பிறகு முதுமாணி. தொடக்கச் சம்பளம் சிறிசுதான், ஆனா சோறு போடும். ஆங்கிலத்தை மட்டும் இண்டைக்கே பிடியுங்கோ.