ஜெயித்தால் நம்ம பிள்ளை

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் டிங் லிரனை வீழ்த்தி 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார் குகேஷ். உடனே பங்காளிச் சண்டை. ‘நம்ம தெலுங்குப் பையன்’ என்றார் ஆந்திர முதல்வர். எங்கள் சென்னைப் பிள்ளை என்றது கோட்டை. கையோடு ஐந்து கோடி ரூபாய் பரிசும் அறிவித்தது.

இத்தனை சொந்தக்காரர்களும் 2017-ல் எங்கே போயிருந்தார்கள்? அப்போது அப்பா, காது மூக்கு தொண்டை மருத்துவர், தொழிலை மூட்டை கட்டி வைத்துவிட்டு மகனோடு தேசம் தேசமாக அலைந்துகொண்டிருந்தார். அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. ஸ்பான்சர் இல்லை. பெற்றோரின் நண்பர்கள் பணம் போட்டார்கள். 2019 ஜனவரியில், 12 வயதில், பிள்ளை கிராண்ட்மாஸ்டர். தேறிவிடுவான் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, 2023 டிசம்பரில் சென்னையில் அவசரமாக ஒரு பெரிய போட்டி நடத்தினார்கள். நல்ல காரியம்தான். குதிரை ஓடி முடிக்கிற நேரத்தில் கொள்ளு வைத்தார்கள்.

டாக்டர் வீட்டுக்கே இந்தக் கதி. தென்காசியில் தட்டை மடியில் வைத்து பீடி சுற்றுகிற அம்மாவின் பிள்ளைக்கு?

கிராண்ட்மாஸ்டர் ஆக மூன்று நார்ம், அதாவது மூன்று முறை போட்டியில் அந்தத் தரத்துக்கு ஆடிக் காட்ட வேண்டும், 2500 ரேட்டிங்கும் வேண்டும். நார்முக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு மோத வேண்டும். ஐரோப்பா கிடக்கட்டும், சென்னைக்கே பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. நுழைவுக் கட்டணம், அறை வாடகை, கோச்சுக்குக் காசு. பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. அம்மா கூடப் போனால் அத்தனை நாள் கூலி போச்சு. திரும்பி வந்தால் தெரு கேட்கும்: “இதெல்லாம் சோறு போடுமாக்கும்?”

பள்ளிக்கூடம் அதற்கும் மேல். போட்டிக்கு லீவு கேட்டால் அட்டெண்டன்ஸ் சட்டம் பேசும். கோப்பையோடு வந்தால் அதே பிள்ளையின் படத்தை ஸ்கூல் பஸ் முதுகில் ஒட்டும்.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். ஒதுக்கிய பணம் 92 கோடிக்கு மேல். சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். குதிரைக்கு வேட்டி கட்டி, ‘தம்பி’ என்று பெயரும் வைத்தார்கள். உலகமே பார்த்தது, சந்தோஷம். பாலம் செஸ் ஆடாது. ஆடுகிற பிள்ளைக்கு வருஷம் முழுக்கச் சொல்லித்தர மாவட்டத்துக்கு எத்தனை கோச் போட்டீர்கள்?

குற்றாலத்தையே பாருங்கள். சீசன் வந்தால் சாரல் விழா. அதில் கொழுகொழு குழந்தைப் போட்டி உண்டு, நாய்க் கண்காட்சியும் உண்டு. கொழுத்த பிள்ளைக்குப் பரிசு. வளர்ந்த நாய்க்கும் பரிசு. பத்து நகர்த்தல் தள்ளி யோசிக்கிற பிள்ளை மட்டும் முதலில் உலகத்தை ஜெயித்துவிட்டு வர வேண்டும். பிறகு பேசலாம்.

ஒருநாள் இந்தப் பக்கத்துப் பிள்ளையும் ஜெயிக்கும். அன்றைக்கு தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் முளைக்கும். பிள்ளை ஸ்டாம்பு அளவில் இருக்கும், தலைவர் ஆளுயரத்தில் இருப்பார். கட்டுகிறவர்களை மறித்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: “அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்கு மொத ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது யாரு?”