கள்ளபிரான் ஊரில் ஒரு வெள்ளி ரூபாய்

கேள்வி: பழைய நாணயங்கள் சேர்க்கிறேன். தூத்துக்குடியில் ஒருவர் 1939-ம் வருட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் தருகிறேன் என்கிறார். சுண்டினால் கணீரென்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: கள்ளபிரான் பெருமாள் கோயில்கொண்ட ஊர்க்காரர் கள்ளக் காசுக்குப் பயப்படலாமா! ஆனால் இந்தக் காசுக்குப் பயந்தே ஆகவேண்டும். 1939 ரூபாய் அபூர்வம், விலையும் எக்கச்சக்கம். அதனால் வேறு வருடத்து ரூபாயின் கடைசி இலக்கங்களைத் திருத்தி 39 ஆக்கிவிடுவார்கள். காசு வெள்ளிதான், வருடம்தான் பொய். கணீர் சத்தம் அதைக் காட்டிக்கொடுக்காது. லென்ஸை எடுத்து அந்தக் கடைசி 3-ஐயும் 9-ஐயும் பாருங்கள். மற்ற இலக்கங்களின் உயரமும் தேய்மானமும் அவற்றுக்கும் இருக்கிறதா? சுற்றிலும் சுரண்டிய தடம் உண்டா?

அடுத்து விளிம்பு. 1939-க்குப் பிறகு, உலகப் போர்க்காலத்தில், ரூபாயில் வெள்ளியை 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைத்தார்கள். போலியைத் தடுக்க விளிம்பின் நடுவே ஒரு பள்ளமும் வைத்தார்கள். 1939 காசில் அந்தப் பள்ளம் இருந்தால், அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

எடை? நல்ல வெள்ளி ரூபாய், பாதி வெள்ளி ரூபாய் இரண்டுமே 11.66 கிராம்தான். அதனால் தண்ணீரைக் கேளுங்கள். நகைத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, பூஜ்ஜியமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் தொடாமல் முக்குங்கள். நல்ல வெள்ளி 1.13 கிராம் பக்கம் காட்டும்; பாதி வெள்ளி 1.22-ஐ நெருங்கும்.

1938 ரூபாயைத் திருத்தியிருந்தால் மட்டும் விளிம்பும் தண்ணீரும் சேர்ந்து ‘சரி’ என்றுவிடும். அப்போது லென்ஸ்தான் துணை. சந்தேகம் தீராவிட்டால், அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவர் பார்க்கும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.