வெயில் பார்த்து வீடு பார்

வாடகைக்கு வீடு தேடுகிறவருக்கு யோசனை சொல்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. தெற்குப் பார்த்த வாசல் வேண்டாம், போர் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார், பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் அந்தத் தெருவுக்குள்ளேயே நுழையாதே என்பார்கள். எல்லாம் நியாயமான பேச்சு. ஆனால் அந்த வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்துத் தினமும் எந்தத் திசையில் போகப் போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு முத்துப்பேட்டைக்கு மாற்றல் வந்தபோது வாஸ்து பார்த்துச் சொல்ல உறவினர் கூட்டமே இருந்தது. சாலை பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

முத்துப்பேட்டையிலேயே குடியிருந்தால் என்ன என்பீர்கள். ஆபீஸுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரரும் அதையே கேட்டார். "ஏன் சார், இங்கேயே இருந்துட வேண்டியதுதானே? அலையாத்திக் காட்டுக் காத்து வேற எந்த ஊர்ல கெடைக்கும்?" தமிழ்நாட்டிலேயே பெரிய அலையாத்திக் காடு இது. சுமார் 12,000 ஹெக்டேர். காற்றில் குறை சொல்ல முடியாது. வீட்டுக்கும் பஞ்சமில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சம்பாதித்துக் கட்டிய வீடுகள், கார் நிறுத்த இடத்தோடு பூட்டிக் கிடக்கின்றன. ஆனால் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம், டியூஷன், கோச்சிங் எல்லாம் இருக்கும் 'டவுன்'தான் வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு என்று சொன்னதும் டீக்கடைக்காரர் மேற்கொண்டு பேசாமல் கிளாஸைக் கழுவப் போய்விட்டார். தமிழ்நாட்டில் எதிர்வாதமே இல்லாத காரணம் அது ஒன்றுதான்.

ஆக, குடும்பம் டவுனில், நான் காரில். சுற்றிலும் மூன்று டவுன்கள். மேற்கே பட்டுக்கோட்டை, வடகிழக்கே திருத்துறைப்பூண்டி, வடக்கே மன்னார்குடி. முதல் இரண்டும் இருபது சொச்சம் கிலோமீட்டர், மூன்றாவது முப்பதுக்கு மேல்.

இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். மனுஷன் குகையிலிருந்தாலும் கோபுரத்திலிருந்தாலும், நடந்தாலும் காரில் போனாலும், போக வர ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் செலவழிப்பான். வண்டி வேகமாகப் போனால் வீட்டை இன்னும் தள்ளி வைத்துக்கொள்வானே தவிர நேரத்தை மிச்சம் பிடிக்க மாட்டான் என்பது அதன் சாரம். நல்ல கண்டுபிடிப்புதான். தை மாதத்தில் அவர் டெல்டா பக்கம் காரோட்டி வந்திருந்தால் கணக்கைத் திருத்தி எழுதியிருப்பார்.

தரகர்களிடம் போனேன். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிற கதையை இதுவரை பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன். "இங்கேருந்து முத்துப்பேட்டை ரோட்டைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால், "அட்வான்ஸ் ஒண்ணுதான் சார், ஓனர் தங்கமான மனுஷன்" என்கிறார். "தெருவுக்குள்ள காரைத் திருப்ப முடியுமா?" என்றால், "கிச்சன்ல கிரானைட் போட்டிருக்கு" என்கிறார்.

சரி, நாமே யோசிப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் சூரியன் ஞாபகத்துக்கு வந்தது.

பட்டுக்கோட்டையில் குடியிருந்தால் காலையில் கிழக்கே போக வேண்டும். சூரியன் நேர் எதிரே. சாயங்காலம் மேற்கே திரும்ப வேண்டும். அதற்குள் சூரியனும் மேற்கே போய் நமக்காகக் காத்திருக்கும். போகும்போதும் கண்ணில், வரும்போதும் கண்ணில். எதிரே வருவது தேங்காய் லாரியா, டவுன் பஸ்ஸா என்று ஹாரனை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருத்துறைப்பூண்டியோ இதற்கு நேர்மாறு. காலையில் தென்மேற்கே போகிறோம், வெயில் முதுகில். சாயங்காலம் வடகிழக்கே திரும்புகிறோம், அப்போதும் முதுகில். உள்ளூர்ப் பெரியவர்கள் யாரும் சொல்லாத வாஸ்து இது: வேலைக்குக் கிழக்கே வீடு இருக்க வேண்டும்.

மன்னார்குடிதான் விசேஷம். காலையில் தெற்கே போகும்போது கிழக்கு இடப்பக்கம். சாயங்காலம் வடக்கே திரும்பும்போது மேற்கும் இடப்பக்கம். நம் நாட்டில் ஓட்டுகிறவர் உட்காருவது வலப்பக்கம். அதாவது போக வர இரண்டு வேளை வெயிலும் பக்கத்து சீட்டுக்காரருக்கே சொந்தம். இந்த ஆராய்ச்சியை ஒரு காகிதத்தில் படம் போட்டு மனைவியிடம் விளக்கினேன்.

"நான் என்ன தெனமும் உங்ககூட ஆபீஸுக்கா வரப்போறேன்?" என்றாள். மன்னார்குடி முடிவாகிவிட்டது.

பக்கத்து சீட்டில் இப்போது பயணம் செய்வது என் சாப்பாட்டுப் பை. காலையில் வீட்டில் பிசைந்த தயிர் சாதம் முத்துப்பேட்டை போய்ச் சேரும்போது வயதுக்கு மீறிய புளிப்போடு இறங்குகிறது.

ரயிலில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னார்குடி ரயில் நீடாமங்கலம் பக்கம் போவது. முத்துப்பேட்டை இருப்பது திருவாரூர்–காரைக்குடி பாதையில். அந்தப் பாதையை அகலப் பாதையாக்கி 2019இல் ரயில் விட்டபோது கேட் கீப்பர்களை நியமித்து முடியவில்லை. அதனால் அவர்களை ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும். ஒருவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். ரயில் கடந்து போய் மறுபடி நிற்கும். இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆனது. மார்க்கெட்டிக்கு இதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மன்னார்குடி என்று முடிவானாலும் எந்தத் தெரு என்பது அடுத்த வம்பு. ஹரித்ரா நதிக் கரையில் ஒரு வீடு பார்த்தோம். பெயர்தான் நதி, அது ராஜகோபால சுவாமி கோவிலின் தெப்பக்குளம், கடல் மாதிரி கிடக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் காலை எட்டரைக்கு அங்கிருந்து பந்தலடியைத் தாண்ட வேண்டும். பள்ளிக்கூட வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், பூ வாங்க நடு ரோட்டில் மொபெட்டை நிறுத்திவிட்டு முழம் அளப்பதைக் கண்காணிக்கும் பெரியவர். திண்ணை சுகத்துக்காகத் தினமும் இதைத் தாண்ட முடியாது.

கோவிலைச் சுற்றிய வீதிகளில் ஒரு நல்ல வீடு இருந்தது. கார் தெருவில்தான் நிற்க வேண்டும். பரவாயில்லை என்றார் ஓனர். அவருக்குப் பரவாயில்லைதான், அவரிடம் கார் கிடையாது. மன்னார்குடிப் பங்குனித் திருவிழா 18 நாள். அதில் வெண்ணெய்த்தாழி அன்று, நவநீத கிருஷ்ணனாகக் கையில் வெண்ணெய்க் குடத்தோடு வரும் ராஜகோபாலன் மேல் ஜனங்கள் வெண்ணெயை வீசுவார்கள். எல்லோருக்கும் குறி சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வீதியில் முன்பு குடியிருந்த நண்பர் ஒருவர் வெண்ணெய் பட்ட கண்ணாடியில் வைப்பரைப் போட்டிருக்கிறார். ஒரு மூலையில் இருந்த வெண்ணெயை அது கண்ணாடி முழுக்கப் பரிவோடு தடவிக் கொடுத்திருக்கிறது. கடைசியில் சீயக்காய்தான் கைகொடுத்ததாம். பகவான் பிரசாதத்தைச் சீயக்காய் போட்டுக் கழுவினோமே என்ற வருத்தம் அவர் மனைவிக்கு இன்னும் போகவில்லை.

முடிவில் ஊரின் தென்கோடியில், வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பினால் நேரே முத்துப்பேட்டை ரோடு என்கிற மாதிரி ஒரு சாதாரண வீடு. கிரானைட் இல்லை, திண்ணை இல்லை. பார்க்க வந்த உறவினர்கள் "இவ்வளவு தள்ளியா?" என்றார்கள். எதிலிருந்து தள்ளி என்பதுதானே கேள்வி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் பிரியும் பாமணியாறும் கோரையாறும் இந்தப் பக்கமாக வந்து முத்துப்பேட்டைக் காயலில்தான் சேருகின்றன. அவற்றுக்கு ஒருவழிப் பயணம். திரும்பி வந்து காய்கறி வாங்க வேண்டிய தொல்லை இல்லை.

இனி சாலை. தை பிறந்துவிட்டால் சம்பா அறுப்பு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக நெல்லை எடுக்க மாட்டார்கள். மழை கெடுத்த வருஷங்களில் மத்திய அரசு தளர்வு கொடுத்தால் உண்டு. எல்லா ஊரிலும் போதுமான களம் கிடையாது. வெயிலும் தாரும் சேர்ந்து காய்ச்சுகிற இடம் ரோடு ஒன்றுதான். ஆகவே பாதி ரோட்டில் நெல். ஒரு பாட்டி காலால் அளைந்துகொண்டே நடப்பார். நம் காரைக் கண்டதும் கையை ஆட்டுவார்: "தம்பி, ஓரமாப் போப்பா, நெல்லு மேல ஏத்திடாத!"

பங்குனி, சித்திரையில் உளுந்து பிடுங்கி அதே ரோட்டில் செடியோடு பரப்புவார்கள். அதே பாட்டி. இப்போது கை ஆட்டும் திசை வேறு: "ஏன் தம்பி ஓரமாப் போற? நடுவுல ஏத்திட்டுப் போப்பா!" தயங்கி நின்றால், "பின்னாடி எடுத்து இன்னொரு தடவை வா" என்று ரிவர்ஸுக்கும் உத்தரவு வரும். கூலியில்லாமல் உளுந்து அடித்துக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்தால், அடியில் சுற்றிக்கொண்ட கொடியை உருவி எடுக்க மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். தாமதத்துக்குக் காரணம் எழுதும் பதிவேட்டில் 'உளுந்து' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். எங்கள் அலுவலகத்தில் விளக்கம் கேட்பதில்லை.

எனக்கு இதிலெல்லாம் வழக்கு இல்லை. களம் இல்லாத ஊரில் விவசாயி வேறு எங்கே போவார்? பாதி ரோடு அவருக்கு, பாதி எனக்கு, சம்மதம். ஒரே ஒரு விண்ணப்பம்தான். நெல்லின் மேல் வண்டி ஏறாமல் இருக்க வரிசையாகக் கருங்கல் வைக்கிறீர்களே, நெல்லை அள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது அந்தக் கல்லையும் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள், ஐயா. ராத்திரி ஏழு மணிக்கு மேல் கல்லும் ரோடும் ஒரே நிறமாகத்தான் தெரிகிறது.