பிறவாதவர் கையொப்பம்

கேள்வி: கருவிலேயே மரபணுவைத் திருத்தி, நோய் அணுகாத மனிதரைப் படைப்பதில் என்ன தவறு?

பதில்: நோயைத் தீர்ப்பது புண்ணியம்; அதில் சந்தேகமே இல்லை. ஆயினும், எய்ட்ஸ் கிருமி உயிரணுவுக்குள் நுழைய வாசலாக நிற்கும் புரதத்தை உண்டாக்குகிற சிசிஆர்5 என்னும் மரபணுவை, கரு உருவாகும் வேளையிலேயே கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டுக் கருவி கொண்டு வெட்டி, இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறப்பித்துவிட்டதாகச் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் 2018 நவம்பரில் அறிவித்தபோது, தகப்பனாரிடமிருந்த அக்கிருமி சிசுவை அண்டாதிருக்க விந்தணுவைக் கழுவிச் சுத்தம் செய்யும் பழைய முறையே போதுமாயிருந்ததே என்று என் நெஞ்சு பதறியது. வாசலை அடைக்கப் போனவர் நிலையையே கோணலாக அறுத்துவிட்டார்: இயற்கையில் சிலருக்கு வாய்த்திருக்கும் மாற்றம் அக்குழந்தைகளுக்கு அப்படியே அமையவில்லை. பெற்றோரிடம் நீட்டப்பட்ட 23 பக்கச் சம்மதப் பத்திரமோ, அப்பிரயோகத்தை எய்ட்ஸ் தடுப்பூசித் திட்டம் என்றே வர்ணித்தது! 2019 டிசம்பரில் ஷென்ஜென் நீதிமன்றம் விதித்த 3 ஆண்டுச் சிறைவாசத்தை அவர் அனுபவித்து வெளியே வந்துவிட்டார். அந்த வெட்டோ அப்பெண்களின் சந்ததியையும் தொடரக்கூடியது. அவர்களுடைய கையொப்பத்தை எந்தப் பக்கத்தில் வாங்குவது?